முட்டிவலிக்காரிக்கு ஒன்பது நாள் பயணம்

இருபத்திரண்டு வருஷமாக ஊர் உலகத்தையெல்லாம் தீவு தீவாக அனுப்பி வைத்துக்கொண்டிருக்கிறேன். பாலித் தீவில், பாடாங்பாய் துறைமுகத்தில், கப்பல் டிக்கெட் கொடுக்கிற இடத்துக்கு எதிரே ஒரு சின்னப் பயண அலுவலகம். அதில்தான் வேலை. ரிஞ்சானி எரிமலை அடிவாரத்தில் எந்த விடுதியில் வெந்நீர் வரும், மோயோ தீவுக் காட்டில் எந்த மாதம் அட்டை கடிக்காது, கொமோடோவில் எந்தப் படகுக்காரன் குடிக்காமல் ஓட்டுவான், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. பாலியை விட்டு ஒரே ஒரு முறைதான் வெளியே போயிருக்கிறேன். லொம்போக்குக்கு, ஒரு சாவுக்கு. போன கப்பலிலேயே திரும்பி வந்தேன்.

"இவ்வளவு அழகான தீவெல்லாம் பக்கத்திலேயே இருக்கே, நீங்க போனதே இல்லையா ரஸ்மினி?" என்று வெள்ளைக்காரர்கள் கேட்பார்கள். பல்லைக் காட்டிச் சிரித்து வைப்பேன். வேறு என்ன சொல்வது? சுவரில் தொங்கும் எங்கள் நாட்காட்டியைக் காட்டினால் சிவப்பு எழுத்தைப் பார்த்தே மயங்கி விழுந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் ஊர்க்கோயில் மட்டும் மூன்று. வீட்டுக் கோயில், வம்சக் கோயில், வயல் கோயில் என்று அது தனிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் இருநூற்றுப் பத்து நாளுக்கு ஒரு திருவிழா. இடைவெளியில் யார் வீட்டிலாவது கல்யாணம், பல் ராவும் சடங்கு, எரியூட்டல். ஊர் மன்றத்தில் குல்குல் என்கிற மர முரசைத் தட்டினால் வீட்டுக்கு ஓர் ஆள் போய் நின்றாக வேண்டும். தென்னங்குருத்து கிழிக்க, அரிசிமாவு பிசைய, பூ அடுக்க. மற்றவர்களாவது பத்துக்கு ஒரு முறை டிமிக்கி கொடுக்கலாம். என் புருஷன் லந்த்ரா நான்கு வருஷமாக ஊர்த் தலைவர். தலைவர் பெண்டாட்டி தும்மினாலும் வருகைப் பட்டியலில் ஏறிவிடும்.

முன்பு மாதத்துக்கு நான்கு நாள் ஒரு வசதி இருந்தது. தீட்டு என்றால் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். எத்தனை பெண்கள் அந்த நான்கு நாளை ஆறு நாளாக இழுத்து, குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கிறோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். நாற்பத்தாறு வயதில் அந்த விடுமுறையும் எனக்கு ரத்தாகிவிட்டது. அது ஊருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு சுக்ரிக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரிதானே.

பக்தி இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். சாமிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பட்டியல்மேல்தான். சில நாள் காலையில் கண் விழித்ததும் குல்குல் சத்தம் கேட்டால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். பிறகு எழுந்து கொண்டை போட்டுக்கொண்டு போய்விடுவேன்.

யாந்தி எங்கள் ஒரே மகள். தென்பசாரில் ஒரு விடுதியில் வேலை பார்த்த இடத்தில் பொஸ்கோ என்கிற பையனோடு பழக்கமாகிவிட்டது. ஃபுளோரெஸ் தீவில், மௌமெரே ஊர்க்காரன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை அவனோடு கிளம்பிப் போய்விட்டாள். எங்களில் பெண் கட்டிக்கொண்டு போனால், பிறந்த வீட்டுக் கோயிலில் உட்கார்ந்து முன்னோர்களிடம் விடை வாங்க வேண்டும். பூசாரி மணியடிப்பார். அதற்குப் பிறகுதான் அவள் புகுந்த வீட்டுப் பெண். அதைச் செய்து கொடுங்கள் என்று யாந்தி அவள் அப்பாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள்.

"சொல்லாமப் போனவளுக்கு விடை எதுக்கு? போனவ போனவதான்" என்று சொல்லிவிட்டு லந்த்ரா போனை வைத்தார். அந்தப் பூஜை நடக்கவே இல்லை. அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது. நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தின் பின்பக்கம், கப்பல் சங்கு ஊதுகிற சத்தத்துக்கு நடுவே அவளோடு பேசுவேன்.

அப்படி ஒரு மத்தியானம்தான் ஏழு மாதம் என்று சொன்னாள். பொஸ்கோவின் அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. வீட்டில் அவன், அவன் அப்பா, இரண்டு தம்பிகள்.

"பொம்பளைன்னு பேருக்கு ஒரு கோழிதாம்மா இருக்கு இந்த வீட்டுல" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்கும்மா. நீ வருவியா?"

"வர்றேன்."

"சும்மா சொல்லாதே."

"பிரசவத்துல உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். போதுமா?"

சொல்லிவிட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து அது ஒன்றுதான் மண்டைக்குள்.

விமானத்தில் போனால் இரண்டு மணி நேரம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு வீட்டில் ஒரு காரணம் சொல்ல வேண்டும். மௌமெரே என்று வாயைத் திறந்தால் தட்டு பறக்கும். அதனால் வழியை நீட்டினேன். நீட்டி நீட்டி, எரிமலை, காடு, கடற்கரை என்று வரிசையாக அடுக்கி, கடைசியில் மௌமெரே ஒரு வாலாக மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பயணத்தைக் கட்டினேன். அதுதானே என் தொழில்?

முதலாளி தரூனாவுக்கு அந்தத் திசையில் ஒரு புது வழி வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. போய் விடுதிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும் தலையாட்டிவிட்டார். ஆனால் பெண்டாட்டி தனியாகத் தீவு சுற்றப் போகிறாள் என்றால் லந்த்ரா விடுவாரா? அவருக்காக இரண்டு ஹாலந்துக்காரர்களை உண்டாக்கினேன். கணவன் யூப், மனைவி மார்லீஸ். ஓய்வு பெற்ற வாத்தியார்கள். மார்லீசுக்கு முட்டி வலி. கூடவே கைப்பிடிக்க ஒரு பெண் துணை வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

ஒன்பது நாள், ஐந்து தீவு. முதல் நாள் கப்பலில் லொம்போக். ரிஞ்சானி அடிவாரத்தில் இரவு, மறுநாள் காட்டு அருவி. பிறகு சும்பாவா, மோயோ. ஆறாம் நாள் கொமோடோ, இளஞ்சிவப்பு மணல் கரை. அங்கிருந்து ஃபுளோரெஸ். மலைக்காட்டு வழியாகக் கெலிமுத்து, எரிமலை வாய்க்குள் நிறம் மாறுகிற மூன்று ஏரிகள். எட்டாம் நாள் மௌமெரே. யாந்திக்கு மருத்துவச்சி சொன்ன நாள் அதற்கு நான்கு நாள் கழித்து. மார்லீஸ் முட்டி அங்கே வீங்கிக்கொள்ளும், நான் தங்கிவிடுவேன்.

வேடிக்கை என்னவென்றால், பொய்யாகக் கட்டிய பயணம் எனக்கே பிடித்துப்போய்விட்டது. ரிஞ்சானிக் காட்டில் அருவிக்குக் கீழே உட்கார அரை நாள் ஒதுக்கினேன். கெலிமுத்துவில் சூரியன் வருமுன் மலை ஏற ஒரு வண்டி. மற்றவர்களுக்கு எழுதும்போது வராத ஆசையெல்லாம் வந்தது. நாற்பத்தொன்பது வயதில் வாயில் எச்சில் ஊற நான் ஒரு கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதைவிட வேடிக்கை லந்த்ரா. எதையும் சரிபார்க்காமல் விடுகிற மனிதர் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தாளை விரித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெண்டாம் நாள் அருவிக்கு எத்தனை படி?"

"முன்னூறு இருக்கும்."

"முட்டி வலிக்காரி முன்னூறு படி எப்படி இறங்குவா? புத்தி இருக்கா உனக்கு?"

"அவங்களே கேட்டாங்க."

"கேட்டா? குழந்தைகூடத்தான் நெருப்பைக் கேக்கும். எடுத்துடு. மேலே நின்னு பாத்தாப் போதும்."

எடுத்தேன். என் அருவி போனது. இல்லாத ஒருத்தியின் முட்டிக்காக.

மறுநாள் ஒரு பொட்டலம் கொண்டு வந்து என் பையில் வைத்தார். கிராம்பு, இஞ்சி, அரிசி எல்லாம் இடித்த பற்று. "சூடு பண்ணித் தடவச் சொல்லு. எங்க அப்பாவுக்குக் கேட்டுச்சு" என்றார். நான் அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன். ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் காலுக்கு இவ்வளவு இரக்கம் இருக்கிறது. சொந்த மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. எதை முதலில் துடைப்பது என்று தெரியவில்லை.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

கிளம்ப நாள் பார்க்க வேண்டும். நாட்காட்டியில் எது எதற்கு நல்ல நாள் என்று போட்டிருக்கும். வலை பின்ன ஒரு நாள், முடி வெட்ட ஒரு நாள், சேவலுக்குக் கத்தி தீட்ட ஒரு நாள். புருஷனுக்குத் தெரியாமல், பொய் சொல்லி, பிரசவத்துக்குப் போகிறேன். இதற்குப் போய்க் கெட்ட நாளில் காலை எடுத்து வைக்க எனக்கு மனசு வருமா? மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தேடித் தேடி ஒரு புதன்கிழமையைப் பிடித்தேன். வருஷத்திலேயே அப்படி ஒரு நாள் இல்லை. எந்தக் குறையும் இல்லாத, எல்லாக் காரியத்துக்கும் ஏற்ற நாள்.

எல்லாக் காரியத்துக்கும் ஏற்ற நாள் என்றால் எல்லாரும் காரியம் வைப்பார்கள் என்பது இருபத்திரண்டு வருஷம் திட்டம் போட்ட இந்த மண்டைக்கு ஏறவில்லை. ஒரு கெட்ட நாளைப் பார்த்திருந்தால் தெருவில் நாய்கூடக் குறுக்கே வந்திருக்காது.

பத்து நாள் முன்பு லந்த்ரா ஊர் மன்றத்திலிருந்து பூரித்துப்போய் வந்தார். "கோயிலுக்குப் புது வாசல் கட்டி முடிச்சு சும்மா நிக்குதில்ல? குடமுழுக்குக்கு நாள் குறிச்சாச்சு. பூசாரி பாத்தாரு, இந்த வருஷத்துலயே இதைவிட நல்ல நாள் இல்லையாம்."

"என்னிக்கு?" என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதே புதன்கிழமை. அன்றைக்கே மேலத்தெருவில் ஒரு கல்யாணம், மூன்று வீட்டில் பல் ராவும் சடங்கு. ஊர்வலத்தில் முதல் பழக்கோபுரம் தலைவர் பெண்டாட்டி தலையில்.

"நான் அன்னிக்குக் கிளம்பணுமே. அவங்க டிக்கெட் எல்லாம் போட்டாச்சு."

"ஒரு நாள் தள்ளிப் போகட்டும். எரிமலை என்ன எழுந்து ஓடிடவா போகுது?"

ஒரு நாள் தள்ளினால் வியாழன் ஆகாத நாள். வெள்ளி அதைவிட மோசம். சனிக்கிழமை வம்சக் கோயில் திருவிழா ஆரம்பம், அது மூன்று நாள். அது முடிந்து கிளம்பிப் போய்ச் சேருவதற்குள் யாந்திக்கு நாளாகிவிடும். இப்படித்தான் இந்தக் கூண்டில் ஒரு கம்பியை விலக்கினால் பின்னால் இன்னொரு கம்பி நிற்கும். சரி என்று தலையாட்டினேன். சொல்லாமல் போவது என்று முடிவு செய்தேன். மகள் போன வழிதானே, அம்மாவும் போகலாம்.

இரண்டு நாள் உட்கார்ந்து கோபுரத்தைக் கட்டினேன். ஆப்பிள், ஆரஞ்சு, பாம்புச் செதில் மாதிரி தோல் போட்ட சலாக் பழம், கலர் கலராக அரிசிப் பணியாரம், உச்சியில் பூ. ஒரு கை உயரத்துக்கு மேல். புதன் விடியும்போது லந்த்ரா கோயிலுக்குப் போய்விட்டார். ஊர்வலம் எட்டு மணிக்கு. நான் கோபுரத்தை சுக்ரி வீட்டில் கொண்டுபோய் வைத்து, "வயித்துப்போக்கு, நீயே தூக்கிடு" என்றேன். தெருவில் யாரும் சந்தேகப்படக் கூடாது என்று கோயிலுக்குப் போகிற மாதிரியே பட்டுச் சட்டை, இடுப்பில் கச்சை. தோப்புக்குப் பின்னால் அலுவலகக் காரோடு டிரைவர் ஓகா நின்றான். ஆறரை மணிக்கு ஏறி உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். மேலாக ஒரு மஞ்சள் நிறக் குழந்தைத் தொப்பி இருந்தது. நானே பின்னியது.

எங்கள் ஊரிலிருந்து துறைமுகத்துக்கு ஒரே சாலை. அது கோயிலைத் தாண்டித்தான் போகிறது. இரண்டாவது வளைவில் ஓகா பிரேக் போட்டான். கட்டம் போட்ட வேட்டி கட்டிய ஊர்க்காவலர்கள் சாலையின் குறுக்கே கை நீட்டி நின்றார்கள். பின்னால் வாத்தியம், குடை, கொடி. வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம் என்று என் புருஷன் ஊர்வலத்தை ஒன்றரை மணி நேரம் முன்னுக்கு இழுத்துவிட்டாராம்.

"பின்னாடி எடு, ஓகா."

"எங்கேக்கா எடுக்க? பின்னாடி கல்யாணப் பார்ட்டி வந்து நிக்குது."

கண்ணாடியில் பார்த்தேன். மேலத்தெருக் கல்யாணத்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றன. முன்னால் சாமி, பின்னால் மாப்பிள்ளை. நடுவில் நான். நல்ல நாள் என்னை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது.

சுக்ரி கண்ணில்தான் முதலில் பட்டேன். என் கோபுரம் அவள் தலையில் ஆடியது.

"அடியே! வயித்துப்போக்குக்காரி காரைப் போட்டுக்கிட்டு வேடிக்கை பாக்குறாடி! தலைவர் பொண்டாட்டின்னா சாமியே வந்து தரிசனம் குடுக்கணுமோ?"

பெண்கள் கூட்டம் சிரித்தது. வாத்தியத்துக்கு நடுவே இருந்து லந்த்ரா வந்து கார் ஜன்னலில் குனிந்தார். என்னைப் பார்த்தார். பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அது காலி.

"முட்டி வலிக்காரி எங்கே?"

அவர் கண் என் மடிக்கு வந்தது. மஞ்சள் தொப்பிமேல் நின்றது. முகத்தில் ஏதோ ஒன்று அசைந்து, உடனே மூடிக்கொண்டது.

"இறங்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

இறங்கினேன். பையைக் காரிலேயே வைத்தேன். போனை மட்டும் கச்சைக்குள் செருகிக்கொண்டேன். சுக்ரி கோபுரத்தை இறக்கி என் தலையில் ஏற்றினாள். கழுத்து உள்ளே போனது. பெண்கள் வரிசையின் முதல் ஆளாக நடந்தேன். நூறு ஜோடிக் கண் முதுகில். எதிரே அகுங் மலை, உச்சியில் ஒரு மேகம்கூட இல்லை. எத்தனை பேருக்கு அந்தக் காட்சியைக் காட்ட வண்டி ஏற்பாடு செய்திருக்கிறேன்! எனக்கு அது வழியை அடைத்துக்கொண்டு நிற்கிற ஒரு சுவராகத் தெரிந்தது. யாந்தி, மன்னிச்சுடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

புது வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது இடுப்பில் போன் அதிர்ந்தது. ஒரு கையால் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தேன். பொஸ்கோ. ஒரே வரி. "அம்மா, விடிகாலையில் பிறந்துவிட்டது, முன்னாடியே வந்துவிட்டது, இரண்டு பேரும் நலம்."

கால் நின்றுவிட்டது.

எங்கள் ஊர்க் கட்டுப்பாடு இது: வீட்டில் ஒரு சாவோ பிறப்போ என்றால், கடல் தாண்டி நடந்தாலும், சேதி காதில் விழுந்த நொடியிலிருந்து அந்த வீட்டுக்காரர்களுக்குத் தீட்டு. தொப்புள்கொடி விழும்வரை கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. மிதித்தால் கோயிலுக்கே தீட்டு. எனக்கு இது மனப்பாடம். புருஷன் உட்கார்ந்து அந்தச் சட்டப் புத்தகத்தைத் திருத்தி எழுதியபோது டைப் அடித்துக் கொடுத்தவளே நான்தான்.

உள்ளே போனால், என் மகள் எனக்கு யாருமில்லை என்று நானே காலால் எழுதிக் கொடுத்த மாதிரி. நான் போகவில்லை.

"நடடி, கழுத்து ஒடியுது!" என்றாள் பின்னால் சுக்ரி. அவள் தலையில் இப்போது, அதுவரை வேறு யாரோ தூக்கி வந்த அவளுடைய சொந்தக் கோபுரம். அவளுக்குப் பின்னால் அறுபது பெண்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னால உள்ளே வர முடியாது. எனக்குத் தீட்டு."

"உனக்கா? அது நின்னு மூணு வருஷம் ஆச்சேடி!"

மறுபடி சிரிப்பு. வாசலுக்கு உள்ளே இருந்து ஆண்களும் எட்டிப் பார்த்தார்கள். கோபுரத்தை இறக்கித் தரையில் வைத்தேன். 

"அந்தத் தீட்டு இல்லை. பிள்ளைத் தீட்டு. என் மக யாந்திக்குக் குழந்தை பிறந்திருக்கு."

வாத்தியம் ஒவ்வொன்றாக நின்றது. லந்த்ரா வாசலுக்கு உள்பக்கம், முதல் படியில், கையில் வருகைப் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவ இந்த வீட்டுப் பொண்ணு இல்லை" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "போய் ரெண்டு வருஷம் ஆச்சு. கோபுரத்தைத் தூக்கு, ரஸ்மினி."

"போனது சரி தலைவரே" என்று பூசாரி இழுத்தார். என்னைவிட இளையவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் விடமாட்டார். "விடை குடுத்து அனுப்பினீங்களா? குடுத்திருந்தா நான்தானே வந்து மணியடிச்சிருக்கணும். எனக்கு ஞாபகம் இல்லையே."

லந்த்ரா கையிலிருந்த பட்டியலைக் குனிந்து பார்த்தார்.

"விடை குடுக்கலைன்னா உங்க முன்னோருக்கு அவ இன்னும் உங்க வீட்டுப் பொண்ணுதான். நீங்க சொன்னா மாறிடுமா?"

சுக்ரி விடுவாளா. "போன வருஷம் எங்க வீட்டுக்காரரை இதே கோயிலுக்கு வெளியில நிறுத்தினாரே தலைவரு! சுலவேசிக்குக் குடி போன தம்பிக்குப் பிள்ளை பிறந்துச்சுன்னு. மூணு நாளா இடிச்ச மாவு வீணாப் போச்சு. கடல் தாண்டினாலும் ரத்தம் ரத்தம்தான்னு யாரு சொன்னா?"

சொன்னது யார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பூசாரி மட்டும் தணிந்த குரலில், "சேதியை நீங்களும் கேட்டாச்சு தலைவரே. இன்னும் உள்ளேதான் நிக்குறீங்க" என்றார்.

என் புருஷனும் மாட்டிக்கொண்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரே எழுதின சட்டம், அவரே மறுத்த பூஜை, அவரே முன்னுக்கு இழுத்த ஊர்வலம். இல்லை என்று இன்னொரு தடவை சொன்னால் போதும், ஊர் ஒத்துக்கொண்டுகூட இருக்கும். தலைவர் ஆயிற்றே. ஆனால் சாமிக்கு முன்னால் நின்று, தெரிந்தே பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்த ஒரு குணத்துக்காகத்தான் இருபத்தெட்டு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

வருகைப் பட்டியலைத் துணைத் தலைவரிடம் கொடுத்தார். செருப்பைத் தேடினார். படி இறங்கி, என்னைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிரே இருந்த சேவல் சண்டைக் கொட்டகைப் படியில் போய் உட்கார்ந்தார். ஊர்வலம் எங்கள் இருவரும் இல்லாமல் உள்ளே போனது. தீட்டுப் பட்ட கோபுரத்தை வேறு யாரும் தொட மாட்டார்கள் என்பதால் நானே தூக்கிக்கொண்டு அவர் பக்கம் போனேன். அவருக்கும் எனக்கும் நடுவில் அதை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கல்யாண வண்டிகளுக்கு வழி கிடைத்து எங்களைக் கடந்து போயின. ஓகா காரை ஓரமாகப் போட்டுவிட்டு வந்து, "அக்கா, ஒன்பது மணிக் கப்பல் இனி கிடைக்காது" என்றான். ஆமாம் என்றேன். கையைப் பிடித்துக்கொள்வேன் என்று சொன்ன கை என் மடியில் சும்மா கிடந்தது. அவள் யார் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றாளோ. உள்ளே மணி அடித்தது. புது வாசலுக்குத் தீர்த்தம் தெளிக்கிறார்கள் போல.

லந்த்ரா கோபுரத்திலிருந்து ஒரு சலாக் பழத்தைப் பிய்த்தார். செதிலை ஒவ்வொன்றாக உரித்தார். தின்னவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பையனா, பொண்ணா?" என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டு.

"போடலை. கேக்கணும்."

"கேளு."

போனைப் போட்டேன். நான்காவது மணியில் எடுத்தாள். குரல் ஓய்ந்துபோயிருந்தது.

"அம்மா? எங்கேம்மா இருக்கே? கப்பல் ஏறிட்டியா?"

"இல்லடி."

"துறைமுகத்துலயா?"

"கோயில் வாசல்ல இருக்கேன்."

"ஓ" என்றாள். அந்த ஒரு எழுத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு சின்னக் குரல், பூனைக்குட்டி மாதிரி, வீலென்று ஆரம்பித்தது.

நான் அழுவதை லந்த்ரா பார்க்கவில்லை. அவர் கழுத்து மட்டும் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. போனை வாங்கிக்கொள்ளவில்லை. உரித்த பழத்தை என் கையில் வைத்தார்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றார்.